அகலக் கால்

டிராக்டர் ஒன்றை ஏற்றிச் செல்வதற்கு எத்தனை அடி அகலமுள்ள டிரெய்லர் வேண்டும் என்னும் கேள்வியோடு நம் வீட்டு வாசலுக்கு வருவோர் இப்பொழுது பலராயினர். தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ வரை நீண்டு கிடக்கும் கடலோரச் சமவெளியில் ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று செம்பனை வைத்திருப்போரும், அவர்தம் நிலங்களில் புல்வெட்டியும் குலை ஏற்றியும் பிழைப்போருமாகிய நம்மவரே அவர்கள். "ஐந்தடி போதுமா? ஆறடி வேண்டுமா?" என்று கேட்டு, ஓர் எண்ணைப் பெற்றுக்கொண்டு உடனே போய்விட விரும்புகின்றனர். எண்ணை மட்டும் சொல்லி அனுப்ப நமக்கு மனம் வருவதில்லை. ஆகவே, அவ்வெண்ணுக்குப் பின்னாலுள்ள வரலாற்றை ஒருமுறை எழுதிவிடுவது நலமெனத் துணிந்தோம்.

கதையும் கவிதையும் பேசவேண்டிய பக்கத்தில் இரும்புப் பெட்டியின் அகலத்தைப் பற்றிப் பேசுவதா என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. ஆயினும், பட்டணத்து அன்பர்களே, நீங்கள் காரோட்டிச் செல்லும்போது முன்னால் ஊர்ந்து செல்லும் டிராக்டரைக் கண்டு சலித்துக்கொண்டதுண்டன்றோ? அதன்மேல் அமர்ந்திருந்தவர் ஒருவேளை நம் தந்தையாராக இருந்திருக்கலாம். அதனை எண்ணி இக்கட்டுரையை இறுதிவரை படித்தருள வேண்டுகின்றோம்.

நம் தந்தையார் 1969-ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், தோட்டத்துப் பெரட்டில் பெயர் கொடுத்தவர். 1977-இல் டிராக்டர் ஓட்டத் தொடங்கி, 2008-இல் ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஓய்வு பெறும் வரை, முப்பத்தோராண்டுகளை டிராக்டர் இருக்கையிலேயே கழித்தார். அவருக்கு முன் நம் பாட்டனார் அதே தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டினார். மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தெலுக் ஆன்சன் என்ற பெயரும் 1982-இல் தெலுக் இந்தான் என்று மாறிற்று. தந்தையாரின் வாயில் மட்டும் அவ்வூர் இன்றும் தெலுக் ஆன்சன்தான்.

செம்பனையை இந்நாட்டில் வணிகப் பயிராக முதன்முதல் நட்டது 1917-இல், கோல சிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் என்பர். அன்று தொட்டு இன்றுவரை அப்பயிருக்கு ஓர் அவசரம் உண்டு. வெட்டிய குலை இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர்தல் வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் குன்றும். ஒரு குலையின் எடையோ பத்துக் கிலோவும் இருக்கும், இருபதுக்கு மேலும் இருக்கும். இத்துணைப் பாரத்தை இத்துணை விரைவில் வெளிக்கொணரத் தோட்டத்தார் கண்ட வழியே டிராக்டரும், அதன் பின்னால் இழுபடும் டிரெய்லரும். பெட்டி பின்புறமாகச் சாய்ந்து பாரத்தைத் தானே கொட்டிவிடும் வகைக்கு டிப்பிங் டிரெய்லர் என்று பெயர்.

ஓய்வு பெற்றபின் சும்மாயிருக்கத் தந்தையாருக்கு இயலவில்லை. நாமும் நம் தம்பியும் சேர்ந்து பழைய பெரிய டிராக்டர் ஒன்றை வாங்கினோம். 2010-இல் சிறிய டிராக்டர் ஒன்றும், அதன் பின்னால் பூட்டும் புல்வெட்டுக் கருவியும் வாங்கினோம். பெரியது குலை இழுக்கும். சிறியது மரவரிசைகளுக்கிடையே புகுந்து புல்வெட்டும். சிறு நிலங்கள் ஒரே இடத்தில் அமைந்தவை அல்ல. இங்கே ஐந்து ஏக்கர். அடுத்த ஐந்து ஏக்கர் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே நாள்தோறும் தம்பி பெரிய டிராக்டரை முன்னே ஓட்ட, தந்தையார் சிறியதை அதன் பின்னால் ஓட்டிவருவது வழக்கமாயிற்று.

2012-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள். மழைக்காலம். வேலை முடிய மாலை ஏழு மணி கடந்துவிட்டது. நாம் மோட்டார் சைக்கிளில் முன்னதாகச் சென்று, குலை எடை போடும் இடத்தில் காத்திருந்தோம். தம்பியின் டிராக்டர் வந்தது. தந்தையார் வரவில்லை. பின்னால்தான் வந்தார் என்றான் தம்பி. பத்து நிமிடம் பார்த்தோம். பின்னர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே சென்றோம்.

இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சிறிய டிராக்டர் சாலையோரப் புல்லில் கோணலாக நின்றது. அதன் முன்சக்கரம் ஒன்று கால்வாயின் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தந்தையார் இருக்கையை விட்டு இறங்காமல், இரண்டு கைகளாலும் சுக்கானைப் பற்றியபடி அமர்ந்திருந்தார். பின்னால் வந்த கார் ஒன்று கடைசி நொடியில் கண்டு விலக முயன்று, புல்வெட்டுக் கருவியின் மூலையில் உரசி, டிராக்டரை ஓரத்திற்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. காயம் பெரிதில்லை, வலத்தோள் பிசகியிருந்தது. "இறங்குங்கள் அப்பா" என்றோம். "நான் இறங்கினால் பாரம் மாறும், வண்டி கால்வாய்க்குள் போய்விடும். முதலில் சங்கிலியைக் கொண்டுவா" என்றார். முப்பத்தோராண்டு அனுபவம் அவ்விருளில் அவ்வண்ணம் பேசிற்று.

அன்றிரவு அவர் யாரையும் வையவில்லை. "அவன் பறந்து வருகிறான், நாம் ஊர்ந்து போகிறோம், ஒரே சாலையில் இரண்டும் எப்படிப் பொருந்தும்?" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதை நாம் பிறகு கணக்கிட்டுப் பார்த்தோம். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், இருபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டரை நூறு மீட்டருக்கு அப்பால் காண்பதாக வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள தூரம் முழுவதும் ஐந்தே நொடியில் தீர்ந்துவிடும். மழையும் இருளும் சேர்ந்தால் அவ்வைந்து நொடியும் இல்லை. இனித் தந்தையார் தார்ச்சாலையில் சிறிய டிராக்டரை ஓட்டலாகாது. பெரிய டிராக்டர் இழுக்கும் டிரெய்லரிலேயே அது ஏறி வர வேண்டும். அதே டிரெய்லர் குலையையும் உரத்தையும் சுமந்து கொட்டவும் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். நம்மிடமிருந்த பழைய டிரெய்லரோ நான்கடி அகலமே உடையது. இவ்வாறுதான் நாம் டிரெய்லர் தேடப் புறப்பட்டோம்.

பழைய வண்டிகள் விற்கும் ஓரிடத்தில், தோட்டமொன்றிலிருந்து கழித்து விடப்பட்ட டிப்பிங் டிரெய்லர் ஒன்று கிடைத்தது. விலை 6,500 வெள்ளி. நம் கையிலிருந்த சேமிப்பு 7,000 வெள்ளி. தம்பிக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை. அவன் அளவு நாடாவை எடுத்துப் பெட்டியின் நடுவில் விரித்தான்: உள்ளகலம் 5 அடி 4 அங்குலம். சிறிய டிராக்டரின் அகலம், ஒரு சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறுசக்கரத்தின் வெளிவிளிம்பு வரை, 4 அடி 10 அங்குலம். "பக்கத்திற்கு மூன்று அங்குலம் மிச்சம் அப்பா!" என்றான்.

தந்தையார் கையில் நாடா இல்லை. வீட்டிலிருந்து ஒரு கோல் கொண்டுவந்திருந்தார். முதல்நாள் மாலை அவர் மூங்கிலொன்றைச் சீவிக்கொண்டிருந்ததை நாம் கண்டோம், எதற்கென்று கேட்கவில்லை. அந்தக் கோல் டிராக்டரின் அகலத்திற்கு வெட்டப்பட்டதன்று. பின்னால் பூட்டிய புல்வெட்டுக் கருவியின் அகலத்திற்கு வெட்டப்பட்டது. அது டிராக்டரைவிட அகலம், 5 அடி 2 அங்குலம். ஏறிப் போவது டிராக்டர் மட்டுமன்று, அதனோடு பூட்டியிருப்பதும் ஏற வேண்டுமன்றோ? அவர் கோலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு டிரெய்லரின் பின்வாசலுக்குச் சென்றார். கோல் உள்ளே நுழையவில்லை.

காரணம் பின்னர் விளங்கிற்று. பின்கதவைத் தாங்கும் கீல் தூண்கள் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் உள்நோக்கி நீண்டிருந்தன. பெட்டியின் நடுவில் 5 அடி 4 அங்குலம் இருந்தும், வாசலில் சரியாக ஐந்தடியே இருந்தது. வீடு பெரிதாயிருந்து பயனென்ன, வாசல் சிறிதானால் கட்டில் உள்ளே போகாது. நாடா எங்கே பிடித்தோமோ அங்குள்ள அளவைச் சொல்லும். கோலை வாசலிலிருந்து முன்சுவர் வரை குறுக்காகக் கொண்டுபோனால், எங்கே தடுக்கிறதோ அதுவே உண்மையான அளவு. டிரெய்லர் வாங்கப் போகின்றவர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய முதற்செய்தி இது.

விற்பவர் எளிதில் விடவில்லை. "இது ஒரு பெரிய காரியமா அண்ணே? புல்வெட்டியைக் கழற்றித் தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள். டிராக்டர் சக்கரத்தின் நடுத்தட்டைத் திருப்பிப் பூட்டினால் பக்கத்திற்கு மூன்று அங்குலம் உள்ளே வரும். நாலடி நாலங்குலம் ஆகிவிடும், தாராளமாகப் போகும்" என்றார். அவர் கூறியது பொய்யன்று. அவ்வகை டிராக்டர்களில் பின்சக்கரங்களை நெருக்கியும் அகற்றியும் பூட்ட இயலும். பயிர் வரிசைக்கு ஏற்பச் சக்கரத்தை அமைத்துக்கொள்வதற்காகவே செய்தவர்கள் அவ்வசதியை வைத்திருக்கின்றனர். தம்பி உடனே தலையசைத்தான். நாமும் அசைத்தோம் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகின்றோம். தந்தையார் மட்டும் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "போய்விட்டு வருகிறோம் தம்பி" என்று அவரிடம் விடைபெற்றுக்கொண்டு நடந்தார்.

வழியில் தேநீர் அருந்த அமர்ந்தபோதுதான் காரணத்தைச் சொன்னார். 1983-இல் அவர் வேலை செய்த தோட்டத்தில், நாற்றுப் பண்ணையின் குறுகிய பாதையில் புகுவதற்காக ஒரு டிராக்டரின் சக்கரங்களை நெருக்கிப் பூட்டினார்களாம். அவ்வேலை முடிந்தது. சக்கரங்களை மீண்டும் அகற்றிப் பூட்ட எவரும் நினைக்கவில்லை. சில வாரம் சென்று, அதே டிராக்டர் கால்வாய்க் கரையின் சரிவில் திரும்பியது. முன்பெல்லாம் நூறு முறை திரும்பிய இடந்தான். அன்று சாய்ந்து உருண்டது. ஓட்டியவர் தந்தையாரோடு ஒரே லயத்தில் வாழ்ந்தவர். "நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். மறுநாள் காலை பெரட்டில் அவர் பெயரை வாசிக்கவில்லை" என்று கூறித் தந்தையார் தேநீரைக் குடித்தார். அவர் அக்கதையை அதற்கு முன் நம்மிடம் சொன்னதேயில்லை.

நிற்கும் பொருள் எதுவும் தன் பாரம் தன் கால்களுக்கு நடுவே விழும்வரையில் நிற்கும். பாரம் காலுக்கு வெளியே போனால் கவிழும். சரிவில் டிராக்டரின் பாரம் கீழ்ப்பக்கச் சக்கரத்தை நோக்கி நகர்கின்றது. அச்சக்கரம் மூன்று அங்குலம் உள்ளே தள்ளியிருந்தால், கவிழ்வதற்கு அத்துணைக் குறைந்த சரிவே போதும். நம் நிலங்கள் சமவெளியே எனினும், ஒவ்வொரு நிலத்திலும் வடிகால் உண்டு. ஒவ்வொரு வடிகாலுக்கும் சரிந்த கரை உண்டு. மலிவான டிரெய்லர் ஒன்றிற்குள் அடக்குவதற்காகத் தந்தையார் நாள் முழுதும் அமர்ந்து வேலை செய்யும் வண்டியின் காலைக் குறுக்குவதா? செருப்புக்காகக் காலைத் தறிப்பாருண்டோ? நாமும் தம்பியும் வெட்கித் தலைகுனிந்தோம்.

டிரெய்லர் குறுகலாயிருத்தல் ஆகாது என்பது இவ்வாறு தெளிந்தது. அப்படியானால் எவ்வளவு அகலத்தையும் கொள்ளலாமா? அதற்கும் தந்தையார் ஒரு கோல் செய்தார். மறுநாள் நாம் மூவரும் வேலைக்குச் செல்லும் வழியிலுள்ள பாலங்களை அளக்கச் சென்றோம். கடலோர நிலங்களில் வயலுக்கு வயல் கால்வாய். கால்வாய்க்குக் கால்வாய் சிறு பாலம். பாலங்கள் நான்கு. அவற்றுள் மிகக் குறுகியது, இருபுறக் கட்டைச் சுவருக்கும் இடையே, 7 அடி 6 அங்குலம். இந்நாட்டுச் சாலைச் சட்டம் வாகனத்திற்கு அனுமதிக்கும் அகலமோ இரண்டரை மீட்டர், ஏறத்தாழ 8 அடி 2 அங்குலம். சட்டம் விட்டாலும் பாலம் விடாது. ஆகவே பாலத்தின் அளவுக்கு நெடுங்கோல் ஒன்று வெட்டினார். டிரெய்லரின் உள்வாசல் குறுங்கோலைவிட அகன்றிருக்க வேண்டும். வெளியகலம் நெடுங்கோலைவிடக் குறுகியிருக்க வேண்டும். இவ்விரண்டு கோலுக்கும் இடையே அடங்குவதே நமக்கான டிரெய்லர்.

இரண்டு கோலையும் எடுத்துக்கொண்டு, டிரெய்லர் கட்டிக் கொடுக்கும் பட்டறை ஒன்றிற்குச் சென்றோம். பட்டறைக்காரர் நம்மவர், நாற்பது வயதிருக்கும். அவர் முதலில் தந்தையாரைப் பார்த்து, "அண்ணே, அகலம் எவ்வளவு போடட்டும்? நீங்கள்தானே ஏற்றி இறக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். தந்தையார் சிறிது நேரம் விடை கூறவில்லை. அவருக்குக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி நாம் விடை சொல்ல வாயெடுத்தோம். அவர் கையமர்த்திவிட்டு, "வாசலில் ஆறடி" என்றார்.

குறுங்கோல் 5 அடி 2 அங்குலமாயிருக்க, ஆறடி எதற்கு என்று தம்பி கேட்டான். அதற்கும் அவரிடம் விடை இருந்தது. பின்புறமாக ஏற்றும்போது கழுத்தைத் திருப்பிக்கொண்டு, நூல் பிடித்தாற்போல் எவராலும் ஓட்ட முடியாது. பாரம் அமர்ந்த சக்கரம் அடியில் சற்றுப் பிதுங்கும். சேறு ஒட்டியிருந்தால் இன்னும் அகலும். ஏற்றியபின் சங்கிலி பூட்ட ஒருவன் பக்கத்தில் நின்று குனிய வேண்டும். "வண்டி நுழைந்தால் மட்டும் போதாது, ஆளின் கால் நிற்க இடம் வேண்டும். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் கத்துவதற்குக்கூட மூச்சிராது" என்றார். பட்டறைக்காரர் அதனைத் தம் சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்து எழுந்தது சக்கரங்களின் இடம் பற்றிய கேள்வி. டிரெய்லரின் சக்கரங்களைப் பெட்டியின் இருபுறத்திலும் வைக்கலாம். அவ்வாறு வைத்தால் தளம் தாழ்ந்திருக்கும், ஏற்றுவது எளிது, சாயும் அச்சமும் குறைவு. ஆனால் ஆறடி வாசலுக்குப் பெட்டியின் வெளியகலம் 6 அடி 8 அங்குலம். பக்கத்திற்கு ஓரடி சக்கரத்திற்கென்று சேர்த்தால் 8 அடி 8 அங்குலம். அது பாலத்திலும் நுழையாது, சட்டத்திற்கும் ஒவ்வாது. ஆகவே சக்கரங்களைப் பெட்டிக்கு அடியில் வைப்பதே வழி. அவ்வாறு வைத்தால் தளம் தரையிலிருந்து மூன்றடி உயர்ந்துவிடும். அகலத்தைப் பெற உயரத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பதினாறடி நீளத்திற்குப் பட்டறைக்காரர் சொன்ன விலை 14,000 வெள்ளி. சேமிப்போ 7,000. வீடு திரும்பி அன்னையாரிடம் சொன்னோம். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிராமலே, "அகலக் கால் வைக்காதீர்கள்" என்றார்.

அன்னையாரின் சொல்லை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. லயத்தில் வாழ்ந்த நாளில் மளிகைக்கடைக் கடன் புத்தகத்தோடு மாதந்தோறும் போராடியவர் அவர். சம்பளநாளன்று கடைக்காரர் வாசலில் நிற்க, கையில் வாங்கிய பணம் வீடு சேராமலே போன கதைகளை அவர் அறிவார். வருவாய்க்கு மிஞ்சிய காலடி எடுத்து வைத்துக் குலைந்துபோன குடும்பங்களைக் கண்கூடாகக் கண்டவர். தந்தையார் அவரருகே போய் அமர்ந்து, "நீ சொல்வது சரிதான். கடனில் அகலக் கால் வைத்தால் குடும்பம் சாயும். வண்டியில் ஒடுங்கிய கால் வைத்தால் ஆள் சாய்வான். இரண்டும் சாயாமல் ஒரு வழி சொல்" என்றார். பின்னர் நாற்றுப் பண்ணை டிராக்டரின் கதையை மீண்டும் ஒருமுறை சொன்னார். அன்னையாருக்கு அது புதிதன்று. இறந்தவரின் மனைவிக்கு அன்றிரவு துணையிருந்தவர் அவரே என்பதை நாம் அப்பொழுதுதான் அறிந்தோம்.

வழியைக் கண்டவர் அன்னையாரே. "அகலத்தில் குறைக்க முடியாதென்றால் நீளத்தில் குறையுங்கள்" என்றார். உண்மையில் அதுவே சரியான சிக்கனம். பதினாறடியைப் பதினான்கடியாக்கினால், பின்கதவைத் தாழ்த்தி வைக்க, டிராக்டரின் மூக்கு மட்டும் சற்று வெளியே நீளும்; சக்கரங்கள் நான்கும் தளத்தின்மேல்தான் நிற்கும். நீளத்தில் நெருக்கினால் வந்த குறை அவ்வளவே. விலை 12,500 ஆயிற்று. கையிலுள்ள ஏழாயிரத்தை முன்பணமாகக் கொடுத்து, மீதி 5,500-ஐ மாதம் 550 வீதம் பத்து மாதத்தில் கொடுப்பதாகப் பட்டறைக்காரரிடம் பேசி முடித்தோம். அன்னையார் சுவரிலிருந்த நாட்காட்டியில் பத்து மாதங்களையும் வட்டமிட்டார். அப்பத்து மாதமும் வீட்டில் புதுத்துணி எடுக்கவில்லை; தம்பியும் புது மோட்டார் சைக்கிள் ஆசையை ஒத்தி வைத்தான்.

2013-இல் டிரெய்லர் வந்தது. அகலம் சரியாயிருந்தால் போதுமென்று கருதுவோர்க்காக, தந்தையார் முதல்நாளே நமக்கு விதித்த சில விதிகளையும் ஈண்டுக் கூறிவிடுவோம்.

மூன்றடி உயரத் தளத்திற்கு எட்டடிப் பலகை வைத்தால் ஏற்றம் மிகச் செங்குத்தாகும். பன்னிரண்டடிப் பலகை வைத்தால் தணியும். அதனினும் நன்று, டிரெய்லரை மண்மேடு ஒன்றின் விளிம்புக்குப் பின்புறமாகக் கொண்டுபோய் நிறுத்தித் தளத்தையும் மேட்டையும் சமமாக்குவது. பலகையில் ஏற்றும்போது டிராக்டரைப் பின்புறமாகவே ஏற்றுதல் வேண்டும். முன்புறமாக ஏறினால், பாரம் மிகுந்த பின்பாகம் கீழே தங்கி, முன்பாகம் தூக்கி, வண்டி ஓட்டுபவன் மேலேயே மல்லாந்து விழக்கூடும். இறக்கும்போது முன்புறமாக இறங்கலாம்.

பாரத்தின் பெரும்பகுதி டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் அமர வேண்டும். பின்னால் அமர்ந்தால் டிரெய்லர் தன் கழுத்தைத் தூக்கி, இழுக்கும் டிராக்டரின் பின்சக்கரத்தைத் தரையில் அழுந்தவிடாது; ஓடும்போது வாலாட்டும். ஏற்றிய வண்டியை நான்கு மூலையிலும் சங்கிலியால் பிணித்து இறுக்க வேண்டும். கைப்பிரேக்கை நம்பிச் சங்கிலியை விடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைச் சாய்க்கும் நெம்புகோலுக்கு ஒரு பூட்டு முளை வேண்டும். டிராக்டரைச் சுமந்திருக்கும்போது யாரேனும் தவறி நெம்புகோலைத் தொட்டால் நேர்வது என்னவென்று சொல்ல வேண்டுவதில்லை.

எடையையும் மறத்தலாகாது. சிறிய டிராக்டரும் புல்வெட்டியும் சேர்ந்து ஒன்றரை டன். டிரெய்லரின் சொந்த எடையும் ஏறத்தாழ அவ்வளவு. சேற்றுப் பாதையின் இறக்கத்தில் மூன்று டன் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, முன்னாலுள்ள டிராக்டர் தன் சக்கரத்தால் மட்டும் அதனை நிறுத்த இயலாது. ஆகவே டிரெய்லருக்கும் பிரேக் உண்டா என்று கேட்டு வாங்குக. மலிவு கருதிப் பிரேக் இல்லாததை வாங்குவோர், இறக்கத்தில் அந்த மலிவை எண்ணி வருந்துவர்.

முதல்நாள் சிறிய டிராக்டர் ஏறி நின்று, சங்கிலி பூட்டி, பெரிய டிராக்டர் இழுக்கத் தொடங்கியபோது, தந்தையார் தம்பியின் பக்கத்தில் ஏறிக்கொள்ளவில்லை. அங்கே இரண்டாமவருக்கு இருக்கையில்லாதபோது ஏறுவது கூடாது என்பது அவர் விதி. நம் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்துகொண்டார். நான்கு பாலங்களும் கடந்தன. மிகக் குறுகிய பாலத்தில் பக்கத்திற்கு ஐந்து அங்குலம் மிஞ்சிற்று. அதைக் கடந்தபின் அவர் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகப் பேசினார்: "முப்பத்தொரு வருடம் ஓட்டினேன். பெட்டி குறுகலாக வரும், உயரமாக வரும், பிரேக் இல்லாமல் வரும். வந்ததை ஓட்டினேன். அகலம் எவ்வளவு போடட்டும் என்று என்னைக் கேட்டவன் இந்தப் பட்டறைத் தம்பி ஒருவன்தான்."

வாசகர்களே, நம் இன்றைய எழுத்து இச்சொல்லைச் சுமப்பதற்காகவே. நம்மவர் இந்நாட்டில் மூன்று தலைமுறையாக வண்டி ஓட்டினர்; வண்டியைத் தேர்ந்தெடுத்தவர் பிறர். அதன் குறை நிறை எல்லாம் அறிந்தவர் ஓட்டியவர், அவரைக் கேட்பாரில்லை. இன்று நாமே வாங்கும் காலம் வந்திருக்கின்றது. வந்தும், விற்பவர் சொல்லும் எண்ணையும் அண்டை வீட்டார் சொல்லும் எண்ணையும் கேட்டு வாங்குவோமாயின், பழைய நிலையிலேதான் நாம் நிற்கின்றோம். உங்கள் டிராக்டர் வேறு, உங்கள் கருவி வேறு, உங்கள் பாலம் வேறு. நம் ஆறடி உங்களுக்குப் பொருந்தும் என்று எவர் கண்டார்? வீட்டில் ஓட்டுபவர் யாரோ அவரை முதலில் கேளுங்கள். அவர் சொல்லுக்குப் பின் நாடாவை எடுங்கள்.

அந்த டிரெய்லர் பத்து ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து, நிறமெல்லாம் இழந்து நிற்கின்றது. தரைத்தகட்டை ஒருமுறை மாற்றினோம். தந்தையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, வேலையை விட்டுவிட்டார். மூங்கிற்கோல் இரண்டும் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கின்றன. டிரெய்லர் வாங்க எண்ணி வரும் இளைஞர்கள் நம்மிடம் எண்ணைக் கேட்கும்போது, கொட்டகை நிழலில் அமர்ந்திருக்கும் தந்தையாரைச் சுட்டிக்காட்டிவிடுகின்றோம். அவர் எண்ணைச் சொல்வதில்லை. வந்தவரை எதிரே அமரச் செய்து, "முதலில் இதைச் சொல், தம்பி. உன் வழியில் பாலம் எத்தனை? அளந்தாயா?" என்று தொடங்குகின்றார்.